கடலோரத்தில் தறிக்குழி

11-7-1997, வெள்ளி

இனி எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கண்ணமங்கலத்தில் அக்கா வீட்டில் கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்தது போதும். மதிய பஸ்ஸில் ஆரணி வந்து சேர்ந்தேன். கண்ணில் மஞ்சள் போய்விட்டது. ஆனால் வீட்டில் என்னவோ சரியில்லை.

முதலில் தறி. மிதிக்குக் கால் இறங்கும் குழியின் ஓரத்தில் நான் உட்காரும் மணை முன்னால் நகர்ந்திருக்கிறது. அபிதாவுக்குக் கால் குட்டை, மிதி எட்டாது, நகர்த்தியிருக்கிறாள். நான் படுத்திருந்தபோது தறி நிற்கக் கூடாது என்று அவள்தான் நெய்தாள். அதெல்லாம் சரி. ஆனால் எங்களுடையது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். வலது பக்கத்துப் பார்டருக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து தனி நாடா, அதாவது நூல் வைத்த ஓடம், தள்ள வேண்டும். கல்யாணமான நாளாக நான் நெய்வேன், அவள் வலது பக்கம் உட்கார்ந்து பார்டர் போடுவாள். இப்போது அவள் நெய்தாள் என்றால் பார்டர் போட்டது யார்?

கேட்டேன். "பக்கத்து ஊட்டு செல்லியம்மாதாங்க" என்றாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

சோறு போடும்போது போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறாள். முதலாளி ஜெகநாதன் காரில் யாரோ மெட்ராஸ் அம்மாவை அழைத்து வந்தாராம். அந்த அம்மா தறியைப் பார்த்தாராம். நான் இல்லாத நேரமாகப் பார்த்து என் வீட்டு வாசலுக்குக் கார் வருகிறது. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

14-7-1997, திங்கள்

முதலாளியிடம் நேரே போய்க் கேட்டுவிட்டேன். சிரித்தார். சிரிக்கிற முதலாளியை நான் நம்புவதில்லை.

விஷயம் இதுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு ரிசார்ட் வருகிறதாம். பெரிய மனிதர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து தங்குகிற இடம். அதற்குள்ளேயே ஒரு தெரு கட்டி, குயவர், பாய் நெய்கிறவர், சிற்பி என்று ஆளுக்கொரு வீடு கொடுத்துக் குடிவைக்கப் போகிறார்கள். தொழில் செய்வதை வருகிறவர்கள் பார்ப்பார்கள். பட்டுத் தறிக்கும் ஒரு வீடு.

"நல்ல விஷயம்தான் முதலாளி. எங்கள கூப்புடறாங்களா?"

"உன் ஊட்டம்மாவ கூப்புடறாங்கய்யா. அவங்க தறியில நெஞ்ச சேலைய பாத்துட்டுதான அந்தம்மா கேட்டுது."

"அப்ப நானு?"

"நீயும் போயேன். உன்ன யாரு வேணாண்ணது?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லையே.

ஆவணி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதுவரை எனக்கு மூச்சு விட நேரம் உண்டு.

17-7-1997, வியாழன்

அபிதா இன்று எலுமிச்சை சாதம் செய்தாள். காரணமில்லாமல் எலுமிச்சை சாதம் செய்கிறவள் அல்ல.

26-7-1997, சனி

இவள் விசாரிக்கிற விசாரிப்பைப் பார்த்தால் பாதி மூட்டை கட்டிவிட்டாள் என்றே தோன்றுகிறது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களிடம் எல்லாம் உண்டு.

சந்தையில் கருவாட்டுக்காரியை நிறுத்தி வைத்துக் கேட்கிறாள்: கடலோரத்தில் நல்ல தண்ணீர் எங்கே எடுப்பார்கள், கிணற்றுத் தண்ணீர் உப்பா, அதில் பருப்பு வேகுமா. நான் வெற்றிலைக் கடைப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கருவாட்டுக்காரி சொன்னது: "பருப்பு வேவாதும்மா. கோயிலாண்ட போர் பைப்பு இருக்கும், அதுல புடிச்சிக்கணும். இரும்பு சாமான் எதையும் கொண்டுபோவாத, துரு தின்னுடும்." அபிதா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் சொல்வதற்கு ஒரு நாளும் இப்படித் தலையாட்டியதில்லை.

சாயங்காலம் அவள் தம்பி பாலு வந்தான். வாடகை வேன் ஓட்டுகிறவன், ஊரெல்லாம் தெரியும் என்கிற நினைப்பு. இங்கிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து செங்கல்பட்டு, அப்புறம் மாமல்லபுரம், அதற்கப்புறம் டவுன் பஸ் என்று அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. "உடம்பு எப்படி கீது மாமா?" என்றான். காலையில்தான் கேட்டிருந்தான்.

பாலு சின்ன வயதில் எங்கள் தறியில் பார்டர் போட்டுப் பழகியவன். இதை எழுதி வைக்கிறேன்.

1-8-1997, வெள்ளி

இன்று கேட்டேவிட்டேன். அவள் நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா உனக்கு பார்டர் யாரு போடுவாங்க?"

ராட்டினம் நிற்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அத அப்ப பாத்துக்கலாங்க" என்றாள்.

அப்போது பார்ப்பதா? அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே யார் யாருக்கு எத்தனை தோசை என்று தெரிந்து வைத்திருப்பவள் இவள். ஆள் இல்லாமலா போவாள்? பெயர் முடிவாகிவிட்டது. எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

3-8-1997, ஞாயிறு

செல்லியம்மாள் தன் ஆட்டை விற்றுவிட்டாள். குழந்தை மாதிரி வளர்த்த ஆடு. கட்டின புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கட்டிப்போட்ட ஆடும் இப்போது இல்லை. கிளம்புகிறவள் தவிர யார் இப்படி விற்பார்கள்?

"இன்னாத்துக்கு வித்தீங்க?" என்றேன்.

"தெருவுல கஞ்சி போட்டு காயவெச்ச பாவு நூல மேஞ்சிட்ச்சிங்க. எதிர் ஊட்டுக்காரரு பேஜார் பண்ணிட்டாரு."

நம்பும்படியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நம்பவில்லை.

9-8-1997, சனி

தூக்கம் இல்லை, பசி இல்லை. காமாலை திரும்பிவிட்டதோ என்று கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.

பயமாக இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம், எழுதிவிட்டேன். இவள் போய்விடுவாள். நான் இந்த வீட்டில் ஒற்றைத் தறியோடு உட்கார்ந்து, வலது பக்கம் நாடா தள்ள யார் வீட்டுப் பெண்ணையாவது கெஞ்சிக்கொண்டிருப்பேன். கண்ணமங்கலத்திலிருந்து வந்த அன்றே ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் என்ன கடித்துக் குதறிவிடுவேனா?

முடிவு செய்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. நானே போய்ப் பார்க்கப் போகிறேன். யாரிடமும் சொல்லப் போவதில்லை. வந்தவாசியில் ஒருவரிடம் பழைய தறி அச்சு விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அபிதா உடனே, "போய்ட்டு வாங்க. வெய்யிலா கீது, துண்டு எடுத்துக்கோங்க" என்றாள். மறுபேச்சே இல்லை. ஏன்?

11-8-1997, திங்கள்

போய் வந்தேன். உடம்பெல்லாம் பிசுபிசுப்பு. நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும், பின்னால் பேச்சு மாறக் கூடாது.

கடல் இருக்கிறது. அது உண்மைதான். வீடுகளும் இருக்கின்றன, ஓடு போட்டவை, இன்னும் சுண்ணாம்பு வாடை போகவில்லை. காவல்காரன் என்னை யார் என்று கேட்டான். ஆரணி என்றால் விஷயம் வெளியே வந்துவிடும். "வந்தவாசிங்க. கோரைப்பாய் நெய்யறவன்" என்றேன். நேரே மேனேஜர் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டான். பெயர் ஸ்வர்ணலதா. கார் அம்மா இவர்தான். நான் இல்லாத நேரத்தில் வந்தவர், அதனால் என் முகம் தெரியாது. நல்லவேளை.

நான் எதிர்பார்த்த மாதிரி பூசி மெழுகவில்லை. கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில் சொன்னார். ரேஷன் கார்டை மாற்ற இரண்டு மாதம் இழுக்கும், அதுவரை பழைய ஊரிலேயே யாரிடமாவது கொடுத்து வையுங்கள். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம், ஆள் இல்லையென்றால் பாதியிலேயே திரும்பிவிடுவான். பெரிய ஆஸ்பத்திரிக்குச் செங்கல்பட்டுதான் போக வேண்டும். ஐப்பசியில் மழை சாய்ந்து அடிக்கும், ஜன்னலுக்குப் படுதா தேவை. இவ்வளவு குறையைத் தானே சொல்கிறார் என்றால், சொல்லாத குறை எவ்வளவு பெரியதாக இருக்கும்?

கடைசியில் மெல்ல ஆரம்பித்தேன்.

"பட்டுத்தறி ஊடு யாருக்குங்க?"

"ஆரணியிலேர்ந்து ஒரு அம்மா வராங்க. அருமையான கை."

"தனியாவா?"

"இல்ல இல்ல, பார்டர் போட அவங்க கூட ஒருத்தர் வருவாராம். அவர் இல்லாம வரமாட்டேன்னு முதல் நாளே கண்டிஷனா சொல்லிட்டாங்க."

"அவரு பேரு?"

"பேர் சொல்லல. கை நல்ல கையாம். ஆனா ஒரே சந்தேகப் பிராணியாம். எதையும் நேர்ல பாக்காம ஒத்துக்க மாட்டாராம். அவரே வந்து பாப்பாரு, அதுவரைக்கும் அவசரப்படுத்தாதீங்கன்னு சொல்லியிருக்காங்க." பிறகு, மாதிரிக்கு ஒரு பாய் கொண்டு வந்து காட்டுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தப் பட்டுத்தறி வீட்டின் பின்பக்கம் யாரும் இல்லை. கிளம்பும் முன் ஒரு காரியம் பாக்கி இருந்தது. தறிக்குக் குழி வேண்டுமே, மண் எப்படி என்று பார்க்க வேண்டாமா? ஒரு கொட்டாங்கச்சி கிடந்தது. தோண்டினேன். முழங்கை ஆழம் போகவில்லை, கீழேயிருந்து தண்ணீர் ஊறிவிட்டது. இன்னும் தள்ளித் தோண்டினேன். அங்கேயும் தண்ணீர். மிதிக்குக் கால் போகிற இடத்தில் குட்டை! நண்டு வளர்க்கலாம், பட்டு நெய்ய முடியாது.

திரும்பும் வழியெல்லாம் அந்த ஆள் யார் என்றுதான் யோசனை. பாலு இல்லை, அவன் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன். செல்லியம்மாள் என்றால் 'ஒருத்தர்', 'பாப்பாரு' என்று அந்த அம்மா சொல்லியிருக்க மாட்டார். முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு நாடாவைப் பிடிக்கவே தெரியாது. எங்கள் தெருவில் இப்படி ஒரு சந்தேகப் பேர்வழி யார் இருக்கிறான்? எனக்குத் தெரியாமல்? செங்கல்பட்டில் டீ குடிக்கும்போதும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அபிதா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். என் வேட்டி ஓரத்தைப் பார்த்தாள். மணல்.

"அச்சு கெடச்சுதாங்க?"

"இல்ல. வித்துட்டாராம்."

"குழி தோண்ட வருதா?" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது.

12-8-1997, செவ்வாய்

சண்டை போட்டேன். நான் மட்டும்தான் போட்டேன்.

புருஷனை ஊரார் முன்னால் சந்தேகப் பிராணி என்று சொல்வாயா என்றேன். "இல்லீங்களா பின்ன?" என்றாள். என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்றேன். "நேரா கேட்டா வேணாண்ணுதான சொல்லுவீங்க? அப்பறம் சொன்ன சொல்ல மாத்தமாட்டீங்க. மறைச்சு வெச்சாதான் துப்பு தேடிகினு நீங்களே போவீங்க."

எவ்வளவு காலமாக என்னைப் படித்து வைத்திருக்கிறாள்! நான்தான் இவளை உளவு பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்றை நான் விடவில்லை. வருவதாகவே வைத்துக்கொள்வோம். நான் நெய்கிறேன், நீ எப்போதும் போல் பார்டர் போடு என்றேன்.

தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "அந்தம்மா உள்ள வந்து, இத யாரு நெஞ்சதுன்னு கேட்டாங்க. நான்தான்னேன். இத்தினி வருஷத்துல யாரும் என்ன அப்டி கேட்டதில்லீங்க. நான் அந்தப் பக்கமே உக்காந்து உக்காந்து வலது தோளே சாஞ்சிட்சி. கொஞ்ச நாள் நீங்க உக்காந்து பாருங்களேன்."

நானாவது, வலது பக்கமாவது! தெருவில் யார் வீட்டிலாவது ஆண் பிள்ளை பார்டர் போடுவானா, பொடிப்பயல்களைத் தவிர? குழியில் தண்ணீர் ஊறுகிறது, அதனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடல் என் பக்கம்.

20-8-1997, புதன்

ஆவணி பிறந்துவிட்டது. பேச்சுவார்த்தை கிடையாது. உப்பு வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன்.

25-8-1997, திங்கள்

வேலு ஆசாரி வாசலில் மரம் இழைத்துக்கொண்டிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். "அக்காதான்" என்றார். தரையில் குழி எடுக்க முடியாவிட்டால் போகிறது, தறியையும் உட்காருகிற இடத்தையும் மேலே தூக்கிவிட்டால் கால் தொங்க இடம் கிடைக்குமே என்று அபிதா கேட்டாளாம்.

கடல் என்னைக் கைவிட்டுவிட்டது.

26-8-1997, செவ்வாய்

ஆசாரிக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடையை நாற்காலி உயரத்துக்கு வைத்திருக்கிறார். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் கால் மிதியில் பாதிதான் அழுந்தும், பாவு நூலைப் பிரிக்கிற விழுது சரியாகத் திறக்காது, பட்டு அறுந்து அறுந்து போகும். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஜல்தியா அத பிரிங்க ஆசாரி" என்றேன். அபிதாவை மேடையில் உட்காரச் சொல்லி, காலைத் தொங்கவிடச் சொல்லி, குதிகால் வருகிற இடத்தில் நானே கோடு போட்டேன். பேசாத நாட்களுக்குப் பிறகு முதல் பேச்சு, "கால நல்லா நீட்டு" என்பதுதான்.

கோடு போட்டு முடித்த பிறகுதான் கவனித்தேன். உயரம் அவள் காலுக்குத்தான் எடுத்திருக்கிறேன். என் காலுக்கு அல்ல. ஆசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு உளியைத் தேடினார்.

27-8-1997, புதன்

கதவைச் சாத்திக்கொண்டு, அபிதாவை நெய்யச் சொல்லிவிட்டு வலது பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். சுலபம் என்று நினைத்திருந்தேன். இல்லை. நெய்கிறவர் எப்போது மிதிப்பார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நாம் முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. மூன்று தடவை பார்டரைக் கோணலாக்கினேன். அபிதா மூன்று தடவையும் பிரித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் எத்தனை தடவை இவளை 'கை எங்க போச்சு' என்று அதட்டியிருப்பேன்.

தோள் வலிக்கிறது. வலது தோள்.

10-9-1997, புதன்

பாலுவின் வேனில் சாமான் ஏறியது. செல்லியம்மாளிடம் வீட்டுச் சாவியும் ரேஷன் கார்டும். அவள் கிளம்பவில்லை. ஆட்டைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. அப்படியும் முழுதாக நம்பிவிடுவதற்கில்லை.

ரிசார்ட்டில் ஸ்வர்ணலதா அம்மா என்னைப் பார்த்ததும், "நீங்க வந்தவாசி பாய்காரர் இல்ல?" என்றார். அபிதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

20-2-1999, சனி

பக்கத்து வீட்டுக்குப் புதுக் குடும்பம் வருகிறது. ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டு தசரதனும் அவன் மனைவியும், அவர்களும் பட்டு நெய்கிறவர்கள். சாமான் இல்லாமல் இன்று சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். சும்மா பார்க்க யார் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வருவார்கள்? எங்கள் தறிக்கு மேலே இருக்கிற, டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் ஊர்க்காரன் ஆயிற்றே என்று உள்ளதைச் சொன்னேன். சரிகையை வெளியே வைக்காதே, உப்புக்காற்றில் கறுத்துப்போகும், மூடி இறுக்கமான டப்பாவில் போடு. நம் தெருவில் மாதிரி வெளியே பாவு கட்டிக் கஞ்சி தடவாதே, மணல் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். நாங்கள் ஒரு முழுப் பாவைப் பாழாக்கித்தான் தெரிந்துகொண்டோம். விடியற்காலையில் தறியில் உட்காராதே, பட்டு நமுத்துத் தொய்ந்திருக்கும், வெயில் ஏறட்டும். நல்ல தண்ணீருக்குக் கோயில் பைப்பு. அங்கே மீன்காரக் காசியம்மாள் சொல்வதுதான் வரிசை, அவளைப் பகைத்துக்கொள்ளாதே. கடைசி பஸ்ஸை நம்பாதே.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒன்றையும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு எங்கள் தறியைப் பார்த்தான். மேடையில் அபிதா. அவள் மாட்டச் சொல்லாமலே ரிசார்ட்காரர்கள் மாட்டிய பலகை, அதில் அவள் பெயர். வலது பக்கம் காலியாக இருந்த என் மணை.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கமா உக்கார்றீங்க? உடம்பு இன்னும் சரியாவலயா?" என்றான் இரக்கமாக.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் மனைவி மட்டும் எதுவும் கேட்கவில்லை. அபிதா மிதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தசரதன் பக்கத்து வீட்டுப் பின்பக்கம், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கொட்டாங்கச்சியால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் நம்ப மாட்டான். தண்ணீர் வரட்டும், அவனே பார்த்துக்கொள்வான்.

"வரீங்களா?" என்றாள் அபிதா. போய் உட்கார்ந்தேன். அவள் மிதித்தாள், நான் நாடாவைத் தள்ளினேன். பார்டர் கோணவில்லை.